தேம்ஸுக்கு ஒரு நைஜீரிய அம்மா

தொன்மத்தையும் மந்திரத்தையும் இன்றைய நகரத்துக்குள் இறக்கிவிடும் நாவல்களுக்கு ஆங்கிலத்தில் பஞ்சமில்லை. அவற்றில் பலவற்றில் நகரம் வெறும் பின்திரைதான். அதே ரத்தக்காட்டேரியை லண்டனிலிருந்து சிகாகோவுக்கு மாற்றினாலும் கதை நடக்கும். பென் ஆரனோவிச் 2011-இல் தொடங்கிய ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ வரிசையை அப்படி இடம் மாற்ற முடியாது. அதில் தெய்வம் என்பது ஒரு பதவி. அந்தப் பதவி ரத்த வழியில் வருவதில்லை; மண்ணோடும் நீரோடும் ஒட்டியிருக்கிறது. இந்த ஒரு யோசனைதான் மொத்த வரிசையையும் தாங்குகிறது என்பது என் கட்சி.

1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில், நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பொறியாளர் பேஸல்ஜெட்டின் பாதாளச் சாக்கடைகள் அதன் பிறகே வந்தன. ஆரனோவிச் இந்த வரலாற்றை அப்படியே எடுத்துக்கொள்கிறார்: ஆற்றின் கிழத் தெய்வம் நகரத்தைக் கைகழுவிவிட்டு மேற்கே போய்விடுகிறது. ஒரு நூற்றாண்டுக்குக் காலியாகக் கிடந்த அந்த இடத்துக்கு, சாகத் துணிந்து ஆற்றில் குதித்த ஒரு நைஜீரியப் பெண் வருகிறாள். செவிலியர் படிப்புக்காக வந்தவள், தாய் தேம்ஸாகக் கரையேறுகிறாள். டைபர்ன், ஃபிளீட், எஃப்ரா என்று அவளுடைய மகள்கள் பலர் நகரம் மண்ணுக்கடியில் புதைத்த ஓடைகள். கிளர்க்கன்வெல்லில் ரே தெருச் சாக்கடை மூடியருகே காது கொடுத்தால் ஃபிளீட் ஓடும் சத்தம் இன்றும் கேட்கும்.

நீல் கெய்மனின் ‘அமெரிக்கன் காட்ஸ்’ நாவலில் (2001) குடியேறிகள் தங்கள் தெய்வங்களைச் சுமந்து வருகிறார்கள். புது மண்ணில் அவை நலிந்துபோகின்றன. ஆரனோவிச்சிடம் கணக்கு தலைகீழ். வந்தவளையே ஆறு தெய்வமாக்கிக்கொள்கிறது. இங்கிலாந்தின் தொன்மத்தைத் தூக்கி அந்நியருக்குக் கொடுத்துவிட்டார் என்று குறைப்படலாம். அதற்குப் பதில் முதல் நாவலிலேயே இருக்கிறது. அதில் ரத்தக்களறியை நடத்தும் மிஸ்டர் பஞ்ச், ஆங்கிலேயர் தங்களுடையது என்று கொண்டாடும் பொம்மலாட்டக் கோமாளி. ஆனால் 1662-இல் கோவன்ட் கார்டனில் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் பார்த்து ரசித்ததோ இத்தாலியரின் ஆட்டம். பஞ்சின் மூலம் நேப்பிள்ஸின் புல்சினெல்லா. அவனை மண்ணின் மைந்தன் என்று ஏற்பவர்கள் தாய் தேம்ஸை மட்டும் வாசலில் நிறுத்துவது எந்த நியாயம்?

மந்திரத்தைப் போலீஸ் நடைமுறைக்குள் அடைத்தால் வியப்பு செத்துவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். எனக்கு அப்படிப் படவில்லை. கொலை நடந்த இடத்தில் காவல் நிற்கும் கதாநாயகன், கான்ஸ்டபிள் பீட்டர் கிரான்ட்டிடம் ஓர் ஆவி சாட்சி சொல்ல வருகிறது. அவன் பயந்து ஓடாமல் வாக்குமூலம் வாங்குகிறான். மந்திரம் செல்போனின் சில்லைப் பொடியாக்கினால், எவ்வளவு தூரம்வரை பாதிக்கும் என்று சோதித்துப் பார்க்கிறான். விதிமுறை இருப்பதால்தான் மீறல் உறைக்கிறது.

காவல்துறையை இந்த வரிசை மென்மையாகவே நடத்துகிறது என்ற மூன்றாவது குறையை மட்டும் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. லண்டன் பெருநகரக் காவல்துறையில் நிறுவன ரீதியான இனவெறி இருக்கிறது என்று 1999-இல் மெக்பர்சன் அறிக்கை சொன்னது. 2023-இல் கேசி அறிக்கையும் அதையே சொன்னது. சியேரா லியோன் தாய்க்குப் பிறந்த பீட்டர் அதைப் பெரும்பாலும் கிண்டலாலேயே கடந்துவிடுகிறான். அவன் அணிந்திருக்கும் சீருடை என்று வரும்போது, ஆற்றைக் குடைந்து பார்த்த ஆரனோவிச்சின் கை கொஞ்சம் கூசுகிறது.