அடுப்பங்கரையில் ஒரு கோடு!

செம்பரம்பாக்கத்து ஏரி சென்னைக்குத் தண்ணீர் தருகிறது. மதகு திறக்கும்போது, "மாத வருமானம் என்ன? மோட்டார் சைக்கிள் உண்டா?" என்று அது கேட்பதில்லை. ஆனால் தோழர்களே, பசிக்கு மட்டும் டில்லி ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறது. கோட்டுக்கு இப்பால் நின்றால் அரிசி. அப்பால் நின்றால் அறிவுரை!

2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், சிற்றூர்களில் 75 விழுக்காட்டினர்க்கும் நகரங்களில் 50 விழுக்காட்டினர்க்கும் வரை தானிய உரிமை வழங்கிற்று. நல்ல சட்டந்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த மக்கள்தொகையை வைத்து? 2011-இன் தொகையை! 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவே இல்லை. அதன்பின் பிறந்த குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, பள்ளிக்கூடம் போகிறது; ஒதுக்கீட்டு ஏட்டில் மட்டும் அது இன்னும் பிறக்கவில்லை! விடுபட்டோர் 10 கோடிக்கு மேல் என்று 2020-இலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள், பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸும் ரீத்திகா கேராவும்.

எங்கோ வடக்கே நடக்கும் கதை என்று எண்ணிவிடாதீர். ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும், ஓர் அறையில் பலராய் ஒடுங்கிக் கிடக்கும் பீகாரத்து, ஒடிசாத்துத் தொழிலாளியைப் பாருங்கள். அவன் கைபட்ட கார் கடல் கடந்து போகிறது. ஊர் விட்டு ஊர் வந்தாலும் அரிசி பெறலாம் என்னும் "ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை" ஏற்பாட்டில் 2020 அக்டோபரில் தமிழ்நாடும் இணைந்தது. அட்டை இருந்தாலன்றோ அரிசி? "ஒதுக்கீடு நிரம்பிவிட்டது" என்று சொந்த ஊரிலேயே கதவடைக்கப்பட்டவன், இங்கே எதை நீட்டுவான்? பதிவு செய்திருந்தும் அட்டையற்ற சுமார் 8 கோடித் தொழிலாளர்க்கு அட்டை தருக என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே கட்டளையிட நேர்ந்தது!

இந்நிலையில், கோட்டை இன்னும் இறுக்கச் சொல்லும் மேதைகளும் உளர். மூன்றில் இரு பங்கினர்க்குரிய உரிமையை 40 விழுக்காட்டினர்க்குச் சுருக்குக என்றது 2015-இல் சாந்தகுமார் குழு. கசிவாம், கடத்தலாம்! உண்டு, கடத்துகிறவனைப் பிடியுங்கள், கூண்டில் ஏற்றுங்கள். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவதா? இலவசம் சோம்பேறியாக்குமாம்! இரவுப் பணி முடித்து விடியலில் திரும்பி, ரேஷன் அரிசிச் சோற்றை உண்டு படுக்கிறானே ஒப்பந்தத் தொழிலாளி, அவனா சோம்பேறி? குளிரறையில் அமர்ந்து அவன் தட்டை எட்டிப் பார்ப்பவரா உழைப்பாளி?

1967-இல் அண்ணா அரியணை ஏறியதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வந்தது. 1997-இல் டில்லி ஏழையென்றும் ஏழையல்லாதாரென்றும் பிரித்தபோது, கலைஞர் ஆட்சி பிரிக்க மறுத்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய். 2011-இல் விலையே இல்லை என்றனர் மாற்றுக் கட்சியினர். நல்லது, குறை சொல்லோம். 2013-இன் சட்டமோ தமிழர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரையே தன் ஏட்டில் ஏற்றிற்று. மற்றவர் அரிசிக்காக மாநிலக் கருவூலம் கூடுதலாகச் சுமந்தது.

நாடாளுமன்ற உறுப்பினர்களே! அடுத்த மக்கள்தொகைக் கணக்கு 2027-இல் என்று அறிவித்தார்கள். எண்ணி முடித்து ஏடு திருத்தும்வரை வயிறு காத்திருக்குமா? சட்டத்தின் 9-ஆம் பிரிவுதான் பழைய கணக்கில் கட்டிப்போடுகிறது. மதிப்பிடப்பட்ட இன்றைய மக்கள்தொகையைக் கொள்க என அதனைத் திருத்தும் தீர்மானத்தை இந்தக் கூட்டத்தொடரிலேயே கொணருங்கள். சுருக்கச் சொல்லும் பரிந்துரை எந்த உருவில் வந்தாலும் எதிர்த்து வாக்களியுங்கள். எப்படி வாக்களித்தீர்கள் என்பதை, தெருமுனைக் கூட்டந்தோறும் பெயர் சொல்லிப் படிப்போம்.