என் தலை, என் இஷ்டம்!

டீக்கடையில் நண்பன் கொதித்துக் கொண்டிருந்தான். ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம்.

"என் தலை, என் இஷ்டம். கவர்மென்ட்டுக்கு என்ன வந்தது?"

"தலை உன்னுதுதான். அது உடைஞ்சா ஆஸ்பத்திரிக்கு ஓடறது உங்க அப்பா இல்லையா?" என்றேன். முறைத்தான்.

நம் நல்லதுக்காக அரசாங்கம் நம் காதைத் திருகலாமா? திருகலாம் என்பது என் கட்சி. காரணம், என் சித்தப்பா.

தினம் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார். மாலைப் பேப்பரில் நம்பர் பார்த்துச் சொல்வது, ஸ்கூல் பையனான என் டிபார்ட்மென்ட். "கடைசி நம்பர் மட்டும் மாறிப் போச்சு சித்தப்பா" என்றால் முகம் மலரும். "நெருங்கிட்டோம்டா!" நெருங்கியது என்னவோ, சித்தியின் தோடும் அடகுக் கடையும்தான்.

1968-ல் 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று தமிழக அரசே தொடங்கி வைத்த சமாச்சாரம். 2003 ஜனவரியில் அரசே தடை போட்டது. "என் காசு, என் அதிர்ஷ்டம். இவங்க யாரு கேட்க?" என்று சித்தப்பா ஒரு வாரம் துக்கம் கொண்டாடினார். ஆனால், தீபாவளிக்குள் தோடு காதுக்குத் திரும்பிவிட்டது! சித்தி கோட்டை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் நவம்பர் வந்தது. தனியாரிடம் இருந்த மதுபானச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே நடத்த ஆரம்பித்தது. எங்கள் தெருமுனையிலும் ஒரு கடை. "கவர்மென்ட் சரக்குடா, பயமில்லை" என்றார் சித்தப்பா. இந்த முறை யாரும் அவர் காதைத் திருகவில்லை. தோடு மறுபடி போனது. 2019-ல் சித்தப்பாவும்.

எல்லாக் கடையையும் நாளைக்கே மூடு என்று நான் சொல்லவில்லை. கள்ளச்சாராயம் காத்திருக்கிறது என்று தெரியும். ஆனால், ஒரு கையால் காதைத் திருகிவிட்டு மறு கையால் பாட்டிலை நீட்டினால், எந்தக் கையை நம்புவது? ஹெல்மெட் விஷயத்தில் நண்பன் முறைப்பதற்கும் இதுதான் காரணமோ?

காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் ஆரம்பித்தது. வாங்கும்போது கூடுதலாக வசூலித்த அதே 10 ரூபாய்தான். சித்தியிடம் சொன்னேன்.

வெறும் காதைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "லாட்டரியில விழுந்தா லட்சம்னாங்க. இதுல விழுந்தா பத்து ரூபாதானாடா?"