கார் படம் எடுக்க எந்த கேமரா?

அக்காள் பேரன் போன வாரம் வந்தான். "தாத்தா, கார்களைப் படம் எடுத்துப் பழகணும். அப்பா ஒரு லட்சம் தர்றேன்னு சொல்லிட்டார். எந்த கேமரா வாங்கட்டும்?"

அவ்வளவு செலவு வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆரம்பத்துக்கு ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர்., 50 மி.மீ. லென்ஸ், போலரைசர் ஃபில்டர் போதும். பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரம் அப்படி.

செல்போனைக் காரின் முகத்தருகே பிடித்தால் முன்பக்கம் பூசணிக்காயாக உப்பும், பின்பக்கம் சூம்பிவிடும். இந்த லென்ஸோடு நாற்பதடி தள்ளி நின்றால் கார் காராகத் தெரியும். போலரைசரைத் திருகினால் கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் விழும் பளபளப்பு குறையும். மற்றதை மாலை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும்.

இதை நான் கற்றது நஷ்டப்பட்டுத்தான். எங்களிடம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. விற்ற அன்று, நண்பரின் விலையுயர்ந்த கேமராவை இரவல் வாங்கி, உச்சி வெயிலில் பக்கத்தில் நின்று ஒரே ஒரு படம் எடுத்தேன். இன்று அதில் தெரிவது ஒரு வெள்ளைத் திட்டும் என் நிழலும்தான். கேமராமேல் குற்றமில்லை.

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. எங்கள் தெருக்கோடியில் இன்னும் ஒன்று நிற்கிறது. "அது போவதற்குள் ஆரம்பித்துவிடு" என்றேன் பேரனிடம்.