வெயிலைக் காசாக்கும் கண்ணாடி!

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்குகிற வெளியூர்க்காரர்களில் பலர் கேட்கும் கேள்வி, "காதர்பேட்டைக்கு எப்படிப் போகவேண்டும்?" என்பதுதான்.

தூரம் இல்லை. நடந்தே போய்விடலாம்.

பனியன், ஜட்டி, டி-சர்ட், நைட்டி, குழந்தைகள் சட்டை எல்லாம் அங்கே மொத்தமாகவும் கிடைக்கும், சில்லறையாகவும் கிடைக்கும். கேரளத்தில் இருந்தும், கர்நாடகத்தில் இருந்தும் வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறார்கள்.

அந்தச் சந்துகளில் தலைக்கு மேலே வெயில் கொளுத்துகிறது. கடைக்கு உள்ளேயோ, பட்டப்பகலில் விளக்கு எரிகிறது!

வெளியே வெளிச்சம் வீணாகிறது. உள்ளே வெளிச்சத்துக்குப் பணம் கட்டுகிறோம். இது என்ன கணக்கு?

கண்ணாடி மோகம்

இப்போது ஊருக்கு ஊர் புதுக் கடைகள் எழும்புகின்றன. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. பார்க்க அழகுதான்.

ஆனால், வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் ஏறிப் பார்த்து இருக்கிறீர்களா? அனல் அடிக்கும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. கண்ணாடிக் கடைக்கும் அதே கதிதான்.

அதனால் முதலாளி குளிர் சாதனம் வைக்கிறார். கண் கூசாமல் இருக்கத் திரை போடுகிறார். திரை போட்டதால் இருட்டு. இருட்டுக்கு விளக்கு!

கண்ணாடிக்கு ஒரு செலவு, குளிருக்கு ஒரு செலவு, விளக்குக்கு ஒரு செலவு. ஆக, மூன்று செலவு.

பொம்மை ராட்டினம் சுற்றியது

இதற்கு ஒரு மாற்று உண்டு. அதுதான் சூரியக் கண்ணாடி. "சோலார் கண்ணாடி" என்றும் சொல்வார்கள்.

1954-ம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியர்சன் என்ற மூன்று விஞ்ஞானிகள் ஒரு வேடிக்கை காட்டினார்கள். சிலிக்கன் வில்லைகளின் மீது வெளிச்சம் பட்டது. உடனே ஒரு பொம்மை ராட்டினம் சுற்றியது!

அன்று அந்த வில்லை, தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு 6 பங்கைத்தான் மின்சாரம் ஆக்கியது. இன்று நல்ல தகடுகள் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஆக்குகின்றன.

அந்த வில்லைகளை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, இடைவெளி விட்டுப் பதித்தால் அதுதான் சூரியக் கண்ணாடி. வில்லை உள்ள இடத்தில் மின்சாரம் பிறக்கும். இடைவெளி வழியாக வெளிச்சம் இறங்கும். தென்னங்கீற்றுப் பந்தலின் நிழல் மாதிரி!

ஜெர்மனியில் ஹெர்னே என்ற ஊரில் 1999-ல் இப்படி ஒரு பெரிய கட்டிடம் திறக்கப்பட்டது. 2006-ல் திறக்கப்பட்ட பெர்லின் தலைமை ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரையிலும் சூரிய வில்லைகள் பதிக்கப்பட்டு உள்ளன.

காப்பி அடித்தால் நஷ்டம்

"அப்படியானால் கடையின் முன்சுவர் முழுவதும் இந்தக் கண்ணாடியைப் போட்டுவிடலாமே?" என்று கேட்கலாம்.

அவசரப்பட வேண்டாம்!

மழைத் தண்ணீர் பிடிக்கத் தாம்பாளத்தை முற்றத்தில் மல்லாக்க வைப்போம். அதையே நட்டுக்குத்தலாக நிறுத்தினால் எவ்வளவு தண்ணீர் சேரும்?

வெயிலும் அப்படித்தான். ஜெர்மனியில் சூரியன் தாழ்ந்து வருகிறது. அதனால் சுவரிலும் வெயில் நன்றாக விழும். நமக்கோ உச்சி வெயில். ஏப்ரல் மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் திருப்பூரில் சூரியன் நேர் உச்சிக்கே வந்து நிற்கிறது. நடுப்பகலில் சுவர்மீது வெயில் வழுக்கிக்கொண்டு போகும். கிழக்குச் சுவருக்குக் காலை வெயில், மேற்குச் சுவருக்கு மாலை வெயில், அவ்வளவுதான்.

ஆகவே, நம் ஊருக்குச் சூரியக் கண்ணாடி ஏற்ற இடம் சுவர் அல்ல. தலைக்கு மேலே உள்ள இடம். வாசல் பந்தல், மாடிப்படிக் கூரை, கடைகளுக்கு நடுவே உள்ள நடைபாதைக் கூரை - இவையே ஏற்ற இடங்கள்.

வெளிச்சம் தேவைப்படாத மொட்டை மாடியில் சாதாரண சூரியத் தகடே போதும். விலையும் குறைவு, மின்சாரமும் அதிகம். பாதி வெளிச்சம் விடும் கண்ணாடி, அதே அளவுள்ள தகட்டில் பாதி மின்சாரமே தரும் என்பதை மறக்கக்கூடாது.

கணக்கைப் பாருங்கள்

ஒரு கிலோவாட் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நம் நாட்டு வெயிலில் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகள் இருபதைப் பத்து மணி நேரம் எரிக்க அது போதும்.

கண்ணாடிக்குப் பின்னால் காற்றோட்டம் வேண்டும். 25 டிகிரியில் இருந்து 65 டிகிரிக்குச் சூடேறினால், மின்சாரம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். தூசி படிந்தாலும் குறையும். பஞ்சு பறக்கும் ஊர் அல்லவா? அடிக்கடி கழுவவேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகப் பார்க்க முடியும். "கடையில் நீலமாகத் தெரிந்தது, வீட்டில் வேறாகத் தெரிகிறதே" என்ற சண்டை குறையும்! நிறம் கலக்காத கண்ணாடியாகப் பார்த்து வாங்கவேண்டும்.

நெருப்பு எச்சரிக்கை

2023 ஜூன் மாதம் காதர்பேட்டை பனியன் பஜாரில் தீப்பிடித்து, ஏறக்குறைய 50 கடைகள் எரிந்து போயின. அந்தப் பாடத்தை மறக்கலாமா?

சூரியத் தகட்டில் ஒரு விஷயம் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெயில் அடிக்கும்வரை தகட்டில் இருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்! எனவே, தகட்டுக்கு அருகிலேயே தனி சுவிட்ச் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வாசலில் எழுதி வைக்கவேண்டும். உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டே வேலை செய்யவேண்டும். நாலு காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் கடையே போய்விடும்.

யார் என்ன செய்யவேண்டும்?

வீட்டு மாடியில் சூரியத் தகடு போட, 2024-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல காரியம். ஆனால் அது வீடுகளுக்கு மட்டுமே, கடைகளுக்கு இல்லை. பெரிய முதலாளி தாங்குவார். பத்தடிக் கடைக்காரர் என்ன செய்வார்? சிறு கடைகள் பல ஒன்றுசேர்ந்து ஒரே கூரை போட்டால், அதற்கு மானியமோ குறைந்த வட்டிக் கடனோ தர அரசு முன்வர வேண்டும்.

புதிதாகக் கட்டும் மாநகராட்சிக் கடைகளிலும், பஸ் நிலையங்களிலும் இந்தக் கூரையைப் போட்டுக் காட்டலாம். ஒன்றைக் கண்ணால் பார்த்தால் ஊரே செய்யும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிது அல்ல. பல்லடம், உடுமலைப் பக்கம் வீசும் காற்றையே காற்றாலை வைத்து மின்சாரம் ஆக்கியவர்கள் அவர்கள். காற்றைப் பிடித்தவர்களுக்கு வெயிலைப் பிடிக்கத் தெரியாதா?

கடையில் நாள் முழுவதும் நின்று துணி எடுத்துப் போடும் பெண்களையும் நினைக்கவேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. உட்கார இடம் கொடுத்தோம். அந்த இடத்தில் வெக்கை இல்லாமல் இருக்க வேண்டாமா?

தலைக்கு மேலே நிழல், கைக்கு மின்சாரம், கண்ணுக்கு வெளிச்சம். மூன்று செலவு வைத்த கண்ணாடி, மூன்று வரவு தரட்டும்!