ஸ்கேலை நகர்த்தினால் சறுக்கும் கணக்கு

கல்வி ஆய்வறிக்கை ஒன்று வெளியானால் போதும், எந்த மாநிலம் எத்தனையாவது இடம் என்ற பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. 2025 ஜூலையில் 'பரக்' தேசியக் கணக்கெடுப்பின் முடிவுகள் வந்தபோதும் அதுதான் நடந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 58 சதவீதம் பேருக்குத்தான் ஈரிலக்கக் கூட்டலும் கழித்தலும் கைவருகின்றன என்றது அது. அதற்குச் சில மாதங்கள் முன்பு வந்த 'ஏசர் 2024' கல்வி அறிக்கை, ஊரக இந்தியாவின் மூன்றாம் வகுப்பில் கழித்தல் தெரிந்தவர்கள் 33.7 சதவீதம் என்றிருந்தது. தமிழக அரசோ 'ஏசர்' கணக்கை ஏற்க மறுத்து, 'ஸ்லாஸ்' என்ற தன் சொந்த ஆய்வை முன்வைத்தது. யாருடைய எண் சரி என்ற சண்டையில் எல்லோருக்கும் ஆர்வம். கழித்தலைப் பிள்ளைகளுக்கு எதை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற கேள்வி மட்டும் அநாதையாக நிற்கிறது.

இந்த அறிக்கைக் குவியலில் உண்மையிலேயே தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய எண் வேறொன்று. 'ஏசர் 2023' சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு, 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் போனது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்கள், 34,745 பேர். தமிழகத்தின் சார்பில் பெரம்பலூர். ஸ்கேலின் பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு பொருளின் நீளம் என்ன என்று கேட்டபோது ஏறத்தாழ 85 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். பொருளைப் பூஜ்யத்திலிருந்து சற்று நகர்த்தி வைத்துக் கேட்டதும் அது 39 சதவீதமாகச் சரிந்தது.

85 எங்கே, 39 எங்கே! இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கழித்தல். 3-இல் தொடங்கி 8-இல் முடிந்தால் நீளம் 5. பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களும் இருக்கும் கூட்டம் அது. 8-இலிருந்து 3 போனால் எவ்வளவு என்று நேராகக் கேட்டிருந்தால் பெரும்பாலோர் சொல்லியிருப்பார்கள். ஸ்கேலைப் பார்த்தபோது அங்கே ஒரு கழித்தல் இருப்பதே கண்ணில் படவில்லை. சின்ன வகுப்பில் இதே கேள்வியைக் கொடுத்தால், ஒரு பிள்ளை பொருளின் முனை நிற்கும் எண்ணைப் பார்த்து 8 என்கும். இன்னொன்று 3, 4, 5, 6, 7, 8 என்று கோடுகளைத் தொட்டு எண்ணி 6 என்கும். கோடுகளுக்கு இடையில் இருக்கும் இடம்தான் நீளம் என்று அதற்கு யாரும் காட்டித் தரவில்லை.

கழித்தல் என்றாலே நம் வகுப்பறைகளில் ஏதாவது ஒன்று தொலைந்தாக வேண்டும். மரத்தில் ஒன்பது பறவைகள், நான்கு பறந்துவிட்டன. கூடையில் எட்டு மாம்பழம், மூன்றைத் தின்றாயிற்று. பிள்ளை படத்தில் மூன்றின் மேல் கோடு போட்டு அடிக்கிறது, மிச்சத்தை எண்ணுகிறது, டிக் வாங்குகிறது. அதே பிள்ளையிடம் 9 செ.மீ. சிவப்பு ரிப்பனையும் 6 செ.மீ. பச்சை ரிப்பனையும் கொடுத்து, சிவப்பு எவ்வளவு அதிகம் என்று கேட்டால் விழிக்கும். எதுவும் பறக்கவில்லை, யாரும் தின்னவில்லை, எதை அடிப்பது? சில பிள்ளைகள் இரண்டையும் கூட்டி 15 என்று எழுதிவிடுவார்கள். 'அதிகம்' என்று வந்தால் கூட்டு என்று பழக்கியது நாம்தானே!

ரிப்பன் இரண்டையும் ஒரு முனை சேர்த்து மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் போதும். சிவப்பில் துருத்திக்கொண்டிருக்கும் துண்டுதான் விடை. அதை வெட்டினால் இரண்டும் சமம். அதே அளவை பச்சையோடு ஒட்டினாலும் சமம். கூட்டலும் கழித்தலும் ஒரே உறவின் இரண்டு முகங்கள் என்பதை ஆறு வயதுக் கை அங்கேயே தெரிந்துகொள்கிறது.

இதையே பாடத்திட்டமாக்கிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1950-களின் இறுதியில் மாஸ்கோவின் 91-ஆம் எண் பள்ளியில் உளவியலாளர்கள் தனீல் எல்கோனினும் வசீலி தவீதவும் தொடங்கிய பரிசோதனையில், முதல் வகுப்புக்குள் வரும் பிள்ளைக்கு எண்களே முதலில் தரப்படவில்லை. குச்சிகளின் நீளம், பாத்திரத்துத் தண்ணீர், பொருள்களின் எடை ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். எது பெரிது என்று எழுத்துகளால் குறித்தார்கள். சிறியதோடு எதைச் சேர்த்தால் பெரியதாகும், பெரியதிலிருந்து எதை எடுத்தால் சிறியதாகும் என்று சமன்பாடாகவே எழுதினார்கள். அளப்பதற்கு அலகு தேவைப்பட்ட பிறகுதான் எண் வந்தது. நாம் ஆறாம் வகுப்புக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கும் இயற்கணிதச் சிந்தனை அங்கே ஏழு வயதில் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரும் 1980-களில், கோ டெக் ஹோங் தலைமையிலான குழு வடிவமைத்த பட்டை வரைபட முறையில், வாய்க்கணக்கை எல்லாம் நீளங்களாக வரைய வைத்தது. 1995-இன் 'டிம்ஸ்' பன்னாட்டுத் தேர்வில் கணிதத்தில் அந்நாடு முதலிடம் பிடித்ததில் வியப்பென்ன இருக்கிறது?

இங்கே நிலைமை என்ன? 2021-இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டத்தின் தலைப்பு இலக்குகள் 99 வரை, 999 வரை, 9999 வரை என்று எண்களாகவே ஓடுகின்றன. அளவை உள் அட்டவணைகளில் ஒதுங்கிக் கிடக்கிறது. 2022 ஜூனில் வந்த தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. பாட்டு, பொம்மை எல்லாம் தந்தது. பாராட்டலாம். சாணும் முழமும் நம் பாடநூலில் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, கழித்தலைக் கற்றுத் தரும் வேலையை மட்டும் அவற்றிடம் ஒப்படைக்காமல், தனி அத்தியாயமாக ஒரு மூலையில். மேசையைச் சாணால் அளந்து கட்டத்தில் எழுதியதும் பாடம் முடிந்துபோகிறது.

வாய்ப்பாட்டை ஒழுங்காக ஒப்பிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அந்த 39 சதவீதம் அவர்கள் முறையின் விளைச்சல்தான். டேப்லெட்டும் செயலியும் விற்க வருபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: திரையில் தெரியும் ரிப்பனை யாரும் மடித்துப் பார்க்க முடியாது. நேரமில்லை என்னும் அதிகாரிகள், பயிற்சித்தாள்களை நிரப்பவும் பதிவேற்றவும் ஆசிரியர்கள் செலவிடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கட்டும்.

தச்சுப் பட்டறையில் டேப்பின் முனைத் தகடு தேய்ந்து ஆடத் தொடங்கினால், ஆசாரி அதைத் தூக்கிப்போடுவதில்லை. 10 செ.மீ. கோட்டை மரத்தின் ஓரத்தில் பிடித்து, மறுமுனையில் வரும் 94-இல் பத்தைக் கழித்து 84 என்று பென்சிலால் குறித்துவிட்டு அடுத்த பலகைக்குப் போகிறார். பள்ளியில் படித்த ஐந்தில் மூன்று பேருக்கு வராத கணக்கு அது.

ஆகவே, முதல் வகுப்பின் முதல் பருவத்தில் கழித்தல் பயிற்சித்தாள்களை முற்றாக நிறுத்திவிட வேண்டும். அந்த நான்கு மாதமும் கயிறு, குச்சி, காகிதப் பட்டை போதும். பறவைகளும் மாம்பழங்களும் இரண்டாம் பருவத்தில் வரட்டும். மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளின் கையில் பூஜ்யம் உடைந்த ஸ்கேலைக் கொடுத்தே தேர்வு வைக்க வேண்டும். இதைச் செய்தால் மூன்றே ஆண்டுகளில் 'ஏசர்' கழித்தல் எண் இரட்டிப்பாகும். பள்ளிக் கல்வித் துறை அடுத்த பயிற்சி நூலை அச்சுக்கு அனுப்பும் முன்பே இதை முடிவு செய்யட்டும்.