இரண்டாம் பாகத்தில் வளர்வது பூச்சி மட்டுமே

திரையரங்குக்கு வராமல் 2001-இல் நேரடியாக வீட்டுக் காணொளியாக வெளியான ‘மிமிக் 2’ போன்ற படங்களை, அறிவியலின் ஆணவத்துக்கு விடப்பட்ட எச்சரிக்கை என்று போற்றுவோர் இன்றும் உள்ளனர். குறைந்த செலவில் படமெடுப்பது குற்றமன்று. அச்சத்தை எச்சரிக்கை என்று விற்பதே குற்றம்.

கியர்மோ டெல் டோரோ 1997-இல் இயக்கிய முதல் பாகம் மெய்யான ஒரு கேள்வியை எழுப்பியது. நியூயார்க்கில் கரப்பான்கள் பரப்பும் நோயால் குழந்தைகள் மடிகின்றனர். கரப்பான்களை ஒழிக்க ஆய்வகத்தில் உருவாக்கிய பூச்சியை ஊருக்குள் விடலாமா? ஒரு தலைமுறையோடு அழியும் என்று நம்பி விடப்பட்ட அப்பூச்சி, ஆளுயரம் வளர்ந்து மனித உருவையே போலி செய்கிறது. இரண்டாம் பாகத்தில் அக்கேள்வியும் இல்லை. எஞ்சிய ஒரு பூச்சி, பூட்டிய பள்ளிக்கூடம், இரத்தம், அவ்வளவுதான்.

ஒரு பூச்சியை வெளியே விட்டபின் என்ன நிகழும் என்பதை அறிய நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. தோல் ஒவ்வாமையையும் மூச்சுத்திணறலையும் தரும் பார்த்தீனியத்தை, ஊரார் காங்கிரஸ் செடி என்று சொல்லும் அக்களையை, கட்டுப்படுத்த பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1983-இல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை வரவழைத்தனர். பயிர்களைத் தின்னுமா என்று சோதித்த பின்னரே 1984-இல் அதை வெளியே விட்டனர். 1990-களின் தொடக்கத்தில் அவ்வண்டுகள் சூரியகாந்தி இலைகளில் காணப்பட்டன. வண்டு குணம் மாறிவிட்டது, இனிப் பயிர்களுக்கே ஆபத்து என்ற கூக்குரல் எழுந்தது. திரைப்படமாயின் இவ்விடத்தில் வண்டு யானையாகியிருக்கும். இங்கோ உண்மை கண்டறியும் குழு அமைக்கப்பட்டது. ஆய்வாளர்கள் வயலுக்குத் திரும்பினர். அருகிலிருந்த பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைகளில் படிந்ததே வண்டை ஈர்த்தது என்று விளக்கினர். வண்டு களையை முற்றாக ஒழித்துவிடவில்லை. மழைக்காலத்தில் தின்று, வறட்சியில் மண்ணுக்குள் உறங்குகிறது. ஆனால் சூரியகாந்திச் சாகுபடியையும் அது அழித்துவிடவில்லை.

அப்படியானால் அச்சமே வேண்டாமா? வேண்டும். 1935-இல் கரும்பு வண்டுகளை ஒழிக்க ஆஸ்திரேலியாவில் விடப்பட்ட தேரை, வண்டை விட்டுவிட்டு நாட்டின் வனவிலங்குகளுக்கே கேடாயிற்று. ஆனால் அக்கேடு கற்பிப்பது, எதையும் விடாதே என்பதையன்று. விடுமுன் யார் சோதித்தார்கள், விட்டபின் யார் கண்காணிக்கிறார்கள், தவறினால் யார் பொறுப்பு என்று கேள் என்பதையே. ‘மிமிக்’ வகைப் படங்கள் கேட்காத கேள்விகள் இவை மூன்றுமே.

இது வெறும் திரை விமரிசனமன்று. டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாக்கியா நுண்ணுயிரைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாகப் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் 2022-இல் அறிவித்தது. அவற்றை வெளியே விடும் நாள் வந்தால் சென்னையும் பெங்களூரும் தீர்ப்பளிக்க வேண்டியிருக்கும். அன்று மக்கள் சோதனை முடிவுகளைக் கேட்கலாம். ஒளிவுமறைவற்ற கண்காணிப்பைக் கேட்கலாம். போதாதெனில் மறுக்கவும் செய்யலாம். அது குடிமக்களின் உரிமை. ஆளுயரக் கரப்பானை நினைத்து மறுப்பார்களாயின், அதன் விலையை டெங்குக் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைகளே கொடுப்பார்கள்.