எந்த யார்ன் என்று சொல்லுங்கள்!

போல்ட் கடைக்குப் போய் 'அரை இன்ச் போல்ட் ஒண்ணு குடுங்க' என்று கேட்டால், விஷயம் தெரிந்த கடைக்காரர் உடனே எடுத்து நீட்ட மாட்டார். 'எந்த மரை?' என்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இது பால பாடம். பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் முறையில் அரை இன்ச் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 மரை. அமெரிக்க யூ.என்.சி. முறையில் 13. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மாறிப் போட்டாலும் நட்டு முதல் ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாக ஏறும். அப்புறம் சிக்கும். ஸ்பானர் போட்டு இழுத்தால் மரை காலி.

இரண்டாம் உலகப் போரில் இந்த வித்தியாசம் நேச நாடுகளைப் படாத பாடு படுத்தியது. 1948ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் உட்கார்ந்து பேசிப் பொது மரைக்கு ஒப்பந்தம் போட்டன. அன்று முதல் 'அரை இன்ச்' என்று மட்டும் சொல்வது பாதி வாக்கியம் என்பது பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரியும்.

அதே எஸ்டேட்டில் இன்று லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்களில் சாஃப்ட்வேர் கம்பெனிகள். ஆவடி, பூந்தமல்லி பக்கமிருந்து பிள்ளைகள் அந்த வேலையை நம்பிப் படிக்கிறார்கள். அவர்கள் கையில் தரப்படும் நோட்ஸில் ஒரு வரி இருக்கும்: 'முதலில் யார்ன் இன்ஸ்டால் செய்யவும்.' எந்த யார்ன்? அது மட்டும் இருக்காது.

யார்ன் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு வெப்சைட் செய்ய எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. அடுத்தவர்கள் எழுதிவைத்த நூற்றுக்கணக்கான துண்டுகளை வரவழைத்துச் சேர்க்கிறோம். மளிகை லிஸ்ட்டைக் கொடுத்தால் வாங்கிவந்து அடுக்கும் ஆள் மாதிரி, அந்த வேலையைச் செய்ய ஒரு புரோகிராம். 2010ல் வந்தது என்.பி.எம். அதற்குப் போட்டியாக 2016ல் ஃபேஸ்புக் கொண்டுவந்தது யார்ன்.

ஆனால் யார்ன் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு புரோகிராம் இருந்தது. லைனஸ் டோர்வால்ட்ஸின் கல்லூரித் தோழர் லார்ஸ் விர்ஸேனியஸ் எழுதிய 'சிஎம்டி டெஸ்ட்' தொகுப்பில், சோதனைகளை ஓட்டிப் பார்க்கும் கருவி அது. டெபியன் லினக்ஸிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் சத்தமில்லாமல் குடியிருந்தது. பல உபுண்டு பதிப்புகளில், யார்ன் இல்லாத கம்ப்யூட்டரில் 'யார்ன்' என்று தட்டினால், 'சிஎம்டி டெஸ்ட்டை இன்ஸ்டால் செய்துகொள்ளலாமே' என்று கம்ப்யூட்டரே யோசனை சொல்லும். பையன் நம்பிச் செய்வான். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறிவிடும். அந்த முதல் ஒன்றிரண்டு சுற்று!

அப்புறம்தான் சிக்கும். 'சினாரியோ எதுவும் இல்லை, ஒன்றாவது வேண்டும்' என்று பிழைச் செய்தி வரும். அல்லது 'இன்ஸ்டால் என்று ஒரு ஃபைல் இல்லை' என்று வரும். அவன் சினாரியோவைக் கண்டானா, சினிமாவைக் கண்டானா?

வாத்தியாரிடம் போனால், 'இதுகூடப் பண்ணத் தெரியலையா?' கூகுளில் தேடத் தெரியாதவன் எல்லாம் புரோகிராமரா என்று ஒரு கோஷ்டி கேட்கிறது. ஐயா, எதைத் தேடுவான்? தன்னிடம் இருப்பது வேறு யார்ன் என்று தெரிந்தவனுக்குத்தான் தேட வழி தெரியும். கம்பெனிக்குள் இருப்பவனுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு சீனியர் இருக்கிறார். எட்டிப் பார்த்து, அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். வீட்டிலேயே முதல் முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்ட பெண்ணுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இரண்டு ராத்திரி போராடிவிட்டு, 'நமக்கு இது வராது' என்று அவள் முடிவு கட்டினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? எய்தவன் இருக்க அம்பை நோகிறோம்.

எய்தவர்களில் முதல் ஆள், பெயர் வைத்தவர். இது தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. 'நோட்' என்ற பெயரில் ஹாம் ரேடியோக்காரர்களின் புரோகிராம் ஒன்று டெபியனில் இருந்தது. நோட் ஜேஎஸ் வந்து அதே பெயருக்கு மல்லுக்கட்டி, 2012ல் டெபியனின் தொழில்நுட்பக் குழுவரை பஞ்சாயத்து போனது. நான்கே வருஷத்தில் அதே கூட்டத்திலிருந்து அதே கதை. கடைசியில் யார்ன் தளத்திலேயே, தகராறு வந்தால் முதலில் சிஎம்டி டெஸ்ட்டை நீக்குங்கள் என்று குறிப்பு போட்டார்கள். புதுசாகக் குடிவந்தவர் பழைய குடித்தனக்காரரைக் காலி பண்ணச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

சரியான யார்ன் வந்துவிட்டாலும் கதை முடியவில்லை. 2020ல் யார்ன் 2 வந்து உள்கட்டமைப்பையே மாற்றிப்போட்டது. ஆனால் என்.பி.எம். வழியாக வெறுமனே யார்ன் என்று கேட்டால் இன்றும் கிடைப்பது 1.22 வரிசைதான். சரியான பதிப்பைத் தானே எடுத்துக் கொடுக்க 'கோர்பேக்' என்ற துணைக் கருவியை 2021ல் நோட் ஜேஎஸ்ஸோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 25ஆம் பதிப்பிலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த ஆள், நோட்ஸ் எழுதுகிறவர். ஃபேஸ்புக்கை நாம் திருத்த முடியாது, இவரைத் திருத்தலாம். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த வழியாக இன்ஸ்டால் செய்வது, செய்தபின் சரிபார்ப்பது எப்படி என்று நான்கு வரி சேர்த்தால் போதும். 'விச் யார்ன்' என்று கேட்டால் புரோகிராம் எங்கே இருக்கிறது என்று தெரியும். 'யார்ன் ஹைஃபன் ஹைஃபன் வெர்ஷன்' என்றால் எண் தெரியும். தப்பானது என்றால் சிஎம்டி டெஸ்ட்டை நீக்கிவிட்டு என்.பி.எம். வழியாகப் போடலாம். டெபியனின் கிடங்கிலிருந்தே வேண்டுமென்றால் அங்கே அதன் பெயர் 'யார்ன்பிகேஜி'. கம்பெனிக்காரர்களுக்கு இன்னும் சுலபம்: ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் இருக்கும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் 'பேக்கேஜ் மேனேஜர்' என்று ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. பெயரையும் பதிப்பு எண்ணையும் அதில் எழுதி வையுங்கள்.

ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிற இடத்தில் இந்த நான்கு வரியைக் கேட்க மாணவர்களுக்கு உரிமை இருக்கிறது. பிள்ளைகளே, அடுத்த தடவை 'இதுகூடத் தெரியலையா' என்று யாராவது கேட்டால் தலையைக் குனியாதீர்கள். 'எந்த யார்ன், எந்த வெர்ஷன் சார்?' என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், தெரியாதது யாருக்கு என்று அங்கேயே தெரிந்துவிடும்.